பப்பாளிப் பாலும் எலியின் கருப்பையும்

எங்கள் குடும்பத்தில் யாராவது முழுகாமல் இருப்பது தெரிந்தால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பப்பாளிக்குத் தடை விழுந்துவிடும். கொல்லையில் மரமே நின்றாலும் பழம் அடுத்த வீட்டுக்குப் போகும். ஏன் என்று கேட்டால் "சூடு" என்ற ஒற்றைச் சொல்தான் பதில். அப்புறம் அன்னாசி, எள்ளுருண்டை என்று பட்டியல் நீளும்.

போன வருஷம் என் சித்தி மகளுக்கு இதுதான் நடந்தது. அவள் எதையும் கேள்வி கேட்கிற ரகம். ஒரே நாளில் இரண்டு வாட்ஸ்அப் செய்திகளை எனக்கு அனுப்பினாள். "பப்பாளி கருப்பையைச் சுருக்கும், எலியில் நிரூபிக்கப்பட்டது" என்றது ஒன்று. "பப்பாளி சாப்பிட்டால் கர்ப்பத்துக்கு ஒன்றும் ஆகாது, எலியில் நிரூபிக்கப்பட்டது" என்றது இன்னொன்று. கீழே அவள் கேள்வி: "அண்ணா, நான் எந்த எலியை நம்புறது?"

தேடிப் பார்த்தால் இரண்டுக்கும் மூலம் ஒரே ஆய்வு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டு, 2002இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷன் இதழில் வந்தது. இரண்டு செய்தியிலும் பொய் இல்லை. ஆளுக்குப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது. நான் பி.ஃபார்ம் படித்தவன். ஒரு காலத்தில் எலிக் கருப்பையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

எலிக்குள் என்ன இருக்கிறது

ஆய்வுக்கூட எலி என்றால் வீட்டில் ஓடும் சுண்டெலி அல்ல. வளர்ந்த பெண் எலி கால் கிலோ எடை வரும். அதன் கருப்பை, மனிதரைப் போல ஒற்றைப் பையாக இருக்காது. இரண்டு நீண்ட குழல்கள், ஆங்கில 'வி' எழுத்து மாதிரி விரிந்து கிடக்கும். இவற்றைக் கருப்பைக் கொம்புகள் என்பார்கள். கர்ப்பமான எலியைத் திறந்து பார்த்தால் இரண்டு கொம்பிலும் குட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், முற்றிய மொச்சைக்காய்க்குள் பருப்பு இருப்பது போல. ஒரு ஈற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் சாதாரணம். 21 முதல் 23 நாளில் பிரசவம் முடிந்துவிடும்.

எலிக்கு மாதவிடாய் கிடையாது. அதற்குப் பதில் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை சுற்றி வரும் சினைச் சுழற்சி உண்டு. அந்தச் சில நாட்களுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் ஏறி இறங்கும், கருப்பை உப்பி வடியும். உப்பும் என்று சும்மா சொல்லவில்லை. சினைக்கு முந்தைய நாளில் உள்ளே நீர் கோத்து, கொம்புகள் தண்ணீர் ஊற்றிய பலூன் போலப் பளபளவென்று இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே உறுப்பு வாடிய நூல்தான்.

எலி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய அதை அறுக்க வேண்டியதில்லை. பிறப்புறுப்பில் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் போதும். சினை நாளில் உமி சிதறியது போல உலர்ந்த தட்டையான செல்கள் தெரியும். ஓய்வு நாட்களில் வெள்ளை அணுக்கள் மொய்க்கும். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜோசப் லாங்கும் ஹெர்பர்ட் எவன்ஸும் 1922இல் எலியின் இந்தச் சுழற்சியை விரிவாகப் பதிவு செய்தார்கள். நாலே நாளில் ஒரு சுற்று, மூன்றே வாரத்தில் ஒரு கர்ப்பம். உணவும் மூலிகையும் கருப்பையை என்ன செய்கின்றன என்று கேட்க எலி கிடைத்த கதை இதுதான்.

சரி, கேட்பது என்றால் எதைக் கேட்பது? "கருப்பைக்கு நல்லதா கெட்டதா" என்று எலியிடம் கேட்க முடியாது. சுருங்குகிறதா, வளர்கிறதா, கரு தங்குகிறதா என்று தனித்தனியாகத்தான் கேட்க முடியும். மூன்றுக்கும் சோதனை வேறு வேறு. ஒன்றின் பதிலை இன்னொன்றுக்குத் தூக்கிப் போடுவதில்தான் பெரும்பாலான குழப்பம்.

சுருங்குகிறதா?

இது எனக்குப் பழக்கமான சோதனை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எலியின் ஒரு கருப்பைக் கொம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டை எடுத்து, மேலும் கீழும் நூல் கட்டி, வெதுவெதுப்பான உப்புக்கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழலில் தொங்கவிடுவார்கள். இதற்கு ஆர்கன் பாத் என்று பெயர். கரைசலுக்குள் காற்றுக் குமிழிகள் போய்க்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திசு செத்துவிடும். கீழ் நூல் அசையாமல் பிடித்துக்கொள்ள, மேல் நூல் ஒரு மெல்லிய நெம்புகோலோடு கட்டப்பட்டிருக்கும். நெம்புகோலின் முனை, புகைக்கரி பூசிய தாள் சுற்றிய ஓர் உருளையை உரசி நிற்கும். உருளை மெதுவாகச் சுற்றும். கருப்பை சுருங்கினால் முனை மேலே ஏறும், கரி சுரண்டப்பட்டு வெள்ளைக் கோடு விழும். அந்த உருளைதான் கைமோகிராஃப். கை, சட்டை, மூக்கு நுனி எல்லாம் கரியாகித்தான் வீட்டுக்குப் போவோம்.

ஆக்ஸிடோசின் ஒரு துளி விடுங்கள். சில விநாடியில் கோடு மேலே ஏறும். கரைசலைக் கழுவி மாற்றினால் இறங்கிவிடும். மறுபடி இரண்டு மடங்கு விட்டால் கோடு இன்னும் உயரம். பிரசவ வலி வர ஏற்றும் அதே ஆக்ஸிடோசின்தான். தெரிந்த மருந்து ஒரு படிக்கட்டு போட்டுக் கொடுத்துவிட்டால், தெரியாத சாற்றை அதே துண்டில் விட்டு எந்தப் படிக்கு வருகிறது என்று ஒப்பிடலாம்.

இதில் ஒரு வில்லங்கம். கருப்பைத் தசை, யாரும் தூண்டாமலேயே தானாக ஆடும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் கால்சியம் மிகவும் குறைவான டி ஜாலோன் கரைசலைப் பயன்படுத்துவார்கள். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். அதைக் குறைத்தால் வெட்டி ஆட்டம் அடங்கி, மருந்துக்கு மட்டும் பதில் சொல்லும். என் முதல் சோதனையில் கால்சியத்தை நான் கூடுதலாகப் போட்டுவிட்டேன். அழகழகாக மலைகள் எழுந்தன. மருந்தின் விளைவு என்று எழுதி, வார்னிஷ் அடித்துக் காயவைத்துச் சமர்ப்பித்தேன். பார்த்துவிட்டு ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மருந்தை எப்பப்பா விட்ட?" நான் அம்புக்குறி போட்ட இடத்துக்கு முன்பே நாலு மலை இருந்தது. இன்றைக்கும் எந்த மூலிகை ஆய்வைப் படித்தாலும் முதலில் நான் தேடுவது அந்த அம்புக்குறிக்கு முந்தைய கோட்டைத்தான்.

இப்போது பெரும்பாலான மாணவர்களுக்கு இந்தக் கரி அனுபவம் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் போன்ற மென்பொருளில், திரையிலேயே திசு சுருங்கும், திரையிலேயே கோடு விழும். ஓர் எலியும் சாக வேண்டாம். நல்லதுதான்.

ஒரே மரம், மூன்று பதில்

இனி பப்பாளிக்கு வருவோம். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், பப்பாளி என்று மொத்தமாகக் கேட்காததுதான். பழத்தைத் தனியாக, பாலைத் தனியாக வைத்துச் சோதித்தார்கள்.

பச்சைக் காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும், கையில் பட்டால் அரிக்கும். பப்பெயின் முதலான என்சைம்கள் இருப்பது இதில்தான். கறி மெத்தென்று வேகக் காயைப் போடுகிறோமே, அதே சங்கதி. காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். நன்றாகக் கனிந்த பழத்தைக் கீறினால் பால் வருவதில்லை.

ஆர்கன் பாத்தில் தொங்கிய எலிக் கருப்பையில் பழுத்த பப்பாளிச் சாற்றை விட்டார்கள். குறிப்பிடும்படி ஒரு சுருக்கமும் இல்லை. பாலை விட்டார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 0.8 மில்லிகிராம் வரையிலான அளவிலேயே, ஆக்ஸிடோசின் கொடுத்தது போல இழுத்துச் சுருங்கியது. பிரசவத்தை நெருங்கிய, 18, 19ஆம் நாள் எலிகளின் கருப்பையில் அதிக அளவு விட்டபோது, தளராமல் ஒரேயடியாக முறுக்கிக்கொண்டது.

அதோடு நிறுத்தவில்லை. கர்ப்பமான எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதில் பழுத்த பப்பாளி கரைத்த நீரை வைத்தார்கள். சிலவற்றுக்குக் கர்ப்பத்தின் முதல் பத்து நாள், சிலவற்றுக்கு அடுத்த பத்து நாள், சிலவற்றுக்கு இருபது நாளும். கடைசியில் எண்ணிப் பார்த்தால், வெறும் தண்ணீர் குடித்த எலிகளுக்கும் இவற்றுக்கும் உயிருள்ள குட்டிகளின் எண்ணிக்கையில் வித்தியாசமில்லை. ஆகவே பழுத்த பழத்தைச் சாதாரண அளவில் சாப்பிடுவதில் ஆபத்து தெரியவில்லை, பால் நிறைந்த காயும் செங்காயும் ஆபத்தாகலாம் என்று முடித்தார்கள். முதல் வாட்ஸ்அப் செய்தி பாலின் கதை, இரண்டாவது பழத்தின் கதை. இருவருமே "பப்பாளி" என்று எழுதிவிட்டார்கள்.

மூன்றாவது பதில் அடுத்த வருஷம் வந்தது. அதே குழு 2003இல் பப்பாளி விதையின் சாற்றை எலிக் கருப்பையில் சோதித்தது. பாலுக்கு நேர் எதிர்: சுருங்கவில்லை, தளர்ந்தது. ஆனால் ஓய்வெடுக்கிற தளர்ச்சி அல்ல. அதிக அளவில் தசைக்கே சேதம் ஆகியிருக்கலாம் என்ற அளவுக்குப் போனது. விதையில் இருக்கும் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற காரமான பொருள்தான் சந்தேகத்துக்கு உள்ளானது. ஒரே பழத்துக்குள் பால் சுருக்குகிறது, விதை தளர்த்துகிறது, சதை சும்மா இருக்கிறது. "பப்பாளி சூடா?" என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் என்ன பதில் சொல்வது?

காங்கோவின் தேநீர்

இந்த வகைச் சோதனையின் மிக அழகான கதை ஆப்பிரிக்காவில் நடந்தது. 1960இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணிக்காகக் காங்கோ போன நார்வே டாக்டர் லோரன்ட்ஸ் கிரான், அங்கே பிரசவ வலி கண்ட பெண்கள் ஒரு செடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடிப்பதைக் கவனித்தார். வலி வேகமாக வந்து பிரசவம் சீக்கிரம் ஆகும் என்று சொன்னார்கள். கஷாயத்தின் பெயர் கலாட்டா-கலாட்டா. நம் ஊர்க் கலாட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செடியின் பெயர் ஓல்டன்லாண்டியா அஃபினிஸ். நம் இட்லிப்பூவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

கிரான் செடியை ஊருக்கு எடுத்துச் சென்று, அதிலிருந்து பிரித்த பொருள் எலிக் கருப்பையைச் சுருக்குவதைக் காட்டினார். சுருக்கிய பொருள் ஒரு சிறு புரதம், 29 அமினோ அமிலங்கள் கொண்டது. இங்கேதான் விசித்திரம். புரதத்தைக் கொதிக்க வைத்தால் கெட்டுப்போக வேண்டும், முட்டை வேகும்போது ஆவது போல. இது கெடவில்லை. ஏன் என்பது 1995இல்தான் தெரிந்தது. வழக்கமாகப் புரதம் ஒரு கயிறு, இரண்டு முனை இருக்கும். இதில் முனைகள் இரண்டும் சேர்ந்து வளையமாகி, நடுவில் மூன்று கந்தகப் பிணைப்புகள் முடிச்சுப் போட்டிருந்தன. அடுப்புச் சூட்டுக்கு அந்த முடிச்சு அவிழவில்லை. பிற்பாடு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம், ஆக்ஸிடோசின் போய் உட்காரும் அதே பூட்டில் போய் உட்காருவதும் தெரியவந்தது.

பாட்டி வைத்தியத்தை எடுத்த எடுப்பில் சிரிப்பவர்களுக்கும், எடுத்த எடுப்பில் நம்புகிறவர்களுக்கும் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. பெண்கள் சொன்னது சரி. அது எப்படிச் சரி என்று கண்டுபிடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

வளர்கிறதா?

இரண்டாவது கேள்விக்குக் கைமோகிராஃப் வேண்டாம், தராசு போதும். ஈஸ்ட்ரோஜன் வந்தால் கருப்பை வளரும், எடை கூடும். ஆகவே ஒரு பொருளில் ஈஸ்ட்ரோஜன் குணம் இருக்கிறதா என்று அறிய, சொந்தமாக ஈஸ்ட்ரோஜன் சுரக்காத எலியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இன்னும் பருவமடையாத மூன்று வாரக் குட்டி. இல்லையென்றால் சினைப்பை நீக்கப்பட்ட பெரிய எலி. குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து பொருளைக் கொடுத்து, கடைசித் தடவைக்கு மறுநாள் கருப்பையை எடுத்து எடை போடுவார்கள். முதலில் உள்ளே இருக்கும் நீரோடு ஓர் எடை, பிறகு கீறி நீரை ஒற்றியெடுத்து இன்னோர் எடை. ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2007இல் இதை 440 என்ற எண்ணுள்ள வழிகாட்டியாக வெளியிட்டது.

பருவமடையாத குட்டியின் கருப்பை சுமார் நாற்பது மில்லிகிராம்தான், ஒன்றிரண்டு அரிசி மணி எடை. கத்தரிக்கோல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலே கணக்கு மாறும். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் மூன்றே நாளில் அது பல மடங்காகும்.

தாவரங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குணம் எங்கிருந்து வந்தது? இதை முதலில் உரக்கச் சொன்னவை மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மறி ஆடுகள். 1940களில் க்ளோவர் என்ற தீவனப் பயிரை மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போயின, கருப்பை நோய்கள் வந்தன. பயிரில் இருந்த ஐசோஃபிளேவோன் வகைப் பொருள், ஆட்டின் வயிற்றில் மாறி ஈஸ்ட்ரோஜன் வேஷம் போட்டது. சோயா மொச்சையில் இருக்கும் ஜெனிஸ்டீனும் டெய்ட்ஸீனும் இதே வகைதான். எலியின் கருப்பை எடையை ஜெனிஸ்டீன் கூட்டும், ஆனால் உண்மையான ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட்டால் மிகவும் பலவீனமாக. தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் விளைவு அதிகம், வாய்வழி கொடுத்தால் குறைவு. காரணம், குடலும் ஈரலும் வழியிலேயே பாதியை மடக்கிவிடுகின்றன.

இதில் ஆய்வாளர்களே மாட்டிக்கொண்ட வேடிக்கை ஒன்று உண்டு. ஆய்வுக்கூட எலிகளுக்குப் போடும் உருண்டைத் தீவனத்தில் புரதத்துக்காகச் சேர்ப்பது எது? சோயா. நீங்கள் ஏதோ ஒரு இலைச்சாற்றின் ஈஸ்ட்ரோஜன் குணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, எலி தினமும் சாப்பாட்டிலேயே ஈஸ்ட்ரோஜன் குணமுள்ள பொருளைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மூட்டைக்கு மூட்டை அதன் அளவும் மாறும். சாறு கொடுக்காத எலிகளின் கருப்பையே கனத்துவிட்டால் பலவீனமான விளைவு அதில் மறைந்துபோகும். அதனால்தான் அந்த 440ஆம் வழிகாட்டி, குட்டி எலிகளின் தீவனத்தில் ஒரு கிராமுக்கு 350 மைக்ரோகிராம் ஜெனிஸ்டீனுக்குச் சமமான அளவைத் தாண்டக் கூடாது என்கிறது. உணவு பற்றிய ஆய்வில் எலியின் சாப்பாட்டு விவரம் ஒரு வரிகூட இல்லையென்றால் எனக்கு அந்தக் கட்டுரை மீது பாதி மரியாதை போய்விடும்.

கரு தங்குகிறதா?

மூன்றாவது கேள்விதான் மிகவும் கடினம், அதே சமயம் மிகப் பெரிய கண்டுபிடிப்பைத் தந்ததும் இதுதான்.

1922இல் அதே ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப்புடன் சேர்ந்து, எலிகளுக்குச் சுத்திகரித்த உணவைக் கொடுத்துப் பார்த்தார். பால் புரதம், மாவுச்சத்து, பன்றிக் கொழுப்பு, உப்புகள், அன்றைக்குத் தெரிந்திருந்த வைட்டமின்கள். எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. சினை வந்தது, இணை சேர்ந்தன, கருவும் கருப்பையில் பதிந்தது. ஆனால் குட்டி மட்டும் பிறக்கவில்லை. உள்ளே கரு செத்து, தடம் தெரியாமல் உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிட்டது. லெட்யூஸ் கீரையை உணவில் சேர்த்தார்கள், குட்டிகள் பிறந்தன. கோதுமை முளைக்கருவும் அதே வேலையைச் செய்தது. பெயர் தெரியாத அந்தப் பொருள்தான் பிறகு வைட்டமின் ஈ ஆனது. கோதுமை முளைக்கரு எண்ணெயிலிருந்து அதை 1936இல் பிரித்தெடுத்தபோது டோகோஃபெரால் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் "பிள்ளைப்பேறு தருவது" என்று பொருள்படும். இந்த வைட்டமின் நெடுநாள் கிடைக்காத எலியின் கருப்பை பழுப்பு நிறமாக மாறிவிடும். காற்றுப்பட்டுக் காறிப்போன எண்ணெயின் கதைதான், உடம்புக்குள் நடக்கிறது.

கரு செத்ததை எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். சினைமுட்டை வெளியேறிய ஒவ்வோர் இடத்திலும் சினைப்பையில் ஒரு மஞ்சள் புள்ளி தங்கும். அதை எண்ணினால் எத்தனை முட்டை புறப்பட்டது என்று தெரியும். கருப்பையில் பதிந்த தடங்களை எண்ணினால் எத்தனை ஒட்டியது என்று தெரியும். தடம் மங்கிவிட்டால் அமோனியம் சல்ஃபைடு விட்டால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். கடைசியாகக் குட்டிகளை எண்ண வேண்டும். முட்டை பன்னிரண்டு, தடம் பதினொன்று, குட்டி மூன்று என்றால் பதிவதில் கோளாறு இல்லை, பதிந்த பிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது. தடமே இரண்டுதான் என்றால் கதை வேறு.

உணவு எப்படிக் கருப்பையைத் தொடுகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை 1954இல் வந்தது. கர்ப்பமான எலிக்குப் புரதமே இல்லாத உணவு கொடுத்தால் கரு தங்காது. கட்ட செங்கல் இல்லை, அதனால் வீடு எழவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். நெல்சன் என்ற ஆய்வாளரும் அதே எவன்ஸும், அதே புரதமற்ற உணவைக் கொடுத்துக்கொண்டே புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை ஊசி வழியாகக் கொடுத்தார்கள். கர்ப்பம் நிலைத்தது! தாய் எலி தன் உடம்பைக் கரைத்துச் செங்கல் கொடுத்தது. ஆக, புரதம் இல்லாததால் முதலில் நின்றது கட்டுமானம் அல்ல, ஹார்மோன் உத்தரவு.

நம் நாட்டிலும் 1970களில் பல செடிகளை இந்தக் கோணத்தில் சோதித்தார்கள். செம்பருத்திப் பூவைப் பென்சீன் என்ற ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாறு எலிகளில் கருப்பதிவைத் தடுத்தது என்று அறிக்கைகள் வந்தன. கவனியுங்கள், பென்சீனில். நம் வீட்டில் செம்பருத்தியைத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறோம், தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறோம். எதில் ஊறவைத்தால் எது இறங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பென்சீனில் இறங்கியது டீயில் இறங்கியிருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை, இறங்காது என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

எலியிலிருந்து தங்கைக்கு

இப்போது சித்தி மகள் இன்னும் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: "சரி, எலிக்கு ஆனது எனக்கும் ஆகுமா?"

சில இடங்களில் ஆகும், சில இடங்களில் ஆகவே ஆகாது. முதல் வித்தியாசம் அந்த மஞ்சள் புள்ளி, அதாவது கார்பஸ் லூட்டியம். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரப்பது அதுதான். எலிக்குக் கடைசி நாள் வரைக்கும் அதன் தயவு வேண்டும். பெண்களுக்கோ இரண்டாம் மூன்றாம் மாதத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. சினைப்பையைத் தாக்கும் ஒரு சாறு எலிக்குக் கர்ப்பத்தின் பிற்பாதியிலும் கருவைக் கலைக்கும். ஐந்தாம் மாதத்துப் பெண்ணுக்கு அதே வழியில் அதே விளைவு வராது.

இரண்டாவது, குடல். சோயாவின் டெய்ட்ஸீனைக் குடல் பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற இன்னும் வீரியமான பொருளாக மாற்றுகின்றன. எலிகள் கிட்டத்தட்ட எல்லாமே இதைச் செய்யும். மனிதரில் எல்லோருக்கும் இந்தத் திறன் இல்லை. மேற்கு நாடுகளில் நாலில் ஒருவருக்குத்தான் என்கிறார்கள், ஜப்பானில் பாதிப் பேருக்கு மேல். ஒரே கிண்ணம் சோயா, ஆனால் எலிக்குள் போனால் ஒரு மருந்து, உங்களுக்குள் போனால் வேறு மருந்து.

மூன்றாவது, அளவு. எலி ஆய்வுகளில் "கிலோவுக்கு 500 மில்லிகிராம் சாறு" என்பது வெகு சாதாரணமாகக் கண்ணில் படும். எலியின் அளவை மனித அளவாக மாற்ற ஏறத்தாழ 6.2ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 4.8 கிராம் சாறு என்று வரும். கேட்கச் சின்னதுதான். ஆனால் இது காய்ச்சி வற்றவைத்த சாறு. பத்துப் பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு சாறு தேறும் என்று வைத்தால், தினமும் 48 கிராம் காய்ந்த இலை. பச்சை இலையாக்கினால் அதைப் போல் பல மடங்கு. யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. மாத்திரையாக விற்கும்போது மட்டும் அது சாத்தியமாகிவிடுகிறது, பயப்பட வேண்டிய இடமும் அதுதான்.

பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கு அது நல்லது இது நல்லது என்று வரும் எலி ஆய்வுகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எலிக்குப் பிசிஓடி தானாக வருவதில்லை. பெரும்பாலும் லெட்ரசோல் என்ற மருந்தை மூன்று வாரம் கொடுத்து, சினைப்பையில் நீர்க்கட்டிகளை வரவழைத்துவிட்டு, பிறகு மூலிகையைக் கொடுப்பார்கள். மூன்று வாரத்தில் மருந்தால் வந்த கோளாறும், பல வருஷமாக உடம்போடு வளர்ந்த கோளாறும் ஒன்றாக நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வைட்டமின் ஈ விஷயத்திலேயே பாருங்கள். எலிக்கு அது கொடுத்தால் கரு தங்கியது. பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் கருச்சிதைவு தடுக்கப்படும் என்பது நிரூபணமாகவில்லை.

அப்படியானால் எலியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அதுவும் இல்லை. தசை தசைதான். எலியின் கருப்பைத் தசையை ஆக்ஸிடோசின் போல முறுக்கிய பப்பாளிப் பாலை, மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எலி "ஆபத்து" என்று சொன்னால் நான் காது கொடுப்பேன். எலி "நல்லது" என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் விசாரிப்பேன். இது விஞ்ஞான விதி அல்ல, என் பழக்கம்.

அவளுக்குக் கடைசியில் இவ்வளவையும் அனுப்பவில்லை. கனிந்த பழத்தில் பால் இல்லை, காயிலும் செங்காயிலும் இருக்கிறது, பப்பாளிக்காய்க் கூட்டு வேண்டாம், விதையை மென்று பார்க்காதே, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று நாலு வரி எழுதினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "டாக்டர் பழம் சாப்பிடலாம்னு போன வாரமே சொல்லிட்டாங்க. அத்தைகிட்ட யார் சொல்றது?"

அந்தச் சோதனைக்கு எந்த எலியும் உதவாது. அவளுக்குப் பையன் பிறந்து இப்போது நான்கு மாதம். கொல்லைப் பப்பாளி இந்த வருஷமும் அடுத்த வீட்டுக்குத்தான் போயிற்று.